சுவரில் ஒரு சொல் கூடினால்: வகுப்பறையில் 'விலங்குப் பண்ணை'

ஜார்ஜ் ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை' ரஷ்யப் புரட்சி தடம் மாறியதைச் சொல்லும் உருவகக் கதை: பண்ணைக்காரன் ஜோன்ஸைத் துரத்திவிட்டு எல்லாரும் சமம் என்று தொடங்கும் விலங்குகளின் மேல் பன்றிகள் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. அதை ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு எடுக்கும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். முதல் பாடவேளையிலேயே கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டுவிடுகிறோம். இடப்பக்கம் ஓல்ட் மேஜர், நெப்போலியன், ஸ்னோபால் என்ற பன்றிகள். வலப்பக்கம் மார்க்ஸ், ஸ்டாலின், ட்ராட்ஸ்கி. பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள், மனப்பாடம் செய்கிறார்கள், மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். அந்தப் பண்ணையில் இருந்திருந்தால் நாமும் ஏமாந்திருப்போம் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அது தோன்றாவிட்டால் இந்தப் புத்தகத்தை நடத்தியும் நடத்தாத கணக்குதான். அதனால் ரஷ்யாவைப் பின்னால் தள்ளுங்கள். விலங்குகளுக்கான சட்டமாகக் கொட்டகைச் சுவரில் எழுதிய ஏழு கட்டளைகளிலிருந்து தொடங்குங்கள்.

நாற்பது நிமிடப் பாடவேளை 12 வேண்டும். பத்து அத்தியாயங்கள், ஆங்கிலத்தில் மொத்தம் சுமார் 30,000 சொற்கள். ஓர் அத்தியாயத்தை நிதானமாக உரக்கப் படிக்க 25 நிமிடம் பிடிக்கும். மிச்சம் 15 நிமிடம் பேச்சுக்கும் எழுத்துக்கும். முழுப் புத்தகத்தையும் முதல் நாளே கையில் கொடுத்துவிடாதீர்கள். முடிவைப் படித்துவிட்டு வரும் பிள்ளையிடம் கீழே சொல்லும் சுவர்ப் பயிற்சி பலிக்காது. அத்தியாயம் அத்தியாயமாக நகலெடுத்துக் கொடுங்கள். ஆர்வெல் 1950-இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழித்துப் பதிப்புரிமை முடிகிறது. எனவே ஆங்கில மூலத்தை நகலெடுக்கத் தடையில்லை. தமிழ் மொழிபெயர்ப்புக்கு உரிமை தனி, அதை விலை கொடுத்து வாங்குங்கள்.

நம் பிள்ளைகள் விலங்குக் கதை என்றதும் பஞ்சதந்திரத்தை நினைத்துக்கொள்வார்கள். கதை முடிந்ததும் 'இதனால் அறியப்படும் நீதி' என்று ஒரு வரி தேடுவார்கள். அந்த வரியைக் கொடுக்காதீர்கள். 'பேராசை பெருநஷ்டம்' என்று யாராவது எழுதினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பேராசை பன்றிகளுடையது, நஷ்டம் யாருக்கு? நீதிக் கதையில் தப்பு செய்தவன் தண்டனை அனுபவிப்பான். இங்கே தப்பு செய்தவர்கள் கடைசிப் பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி சுவர். ஏழு நீளத் தாள்களில், தாளுக்கு ஒன்றாக ஏழு கட்டளைகளையும் எழுதி, முதல் நாள் வகுப்பின் பின்சுவரில் ஒட்டுங்கள். கரும்பலகைப் பக்கம் வேண்டாம். தினமும் கண்ணில் பட்டால் மனத்தில் பதிந்துவிடும். நான்காவது கட்டளை: 'எந்த விலங்கும் கட்டிலில் படுக்கக் கூடாது.' ஆறாம் அத்தியாயத்தில் பன்றிகளின் ரகசியக் கைவேலையால் இது 'எந்த விலங்கும் விரிப்புப் போட்ட கட்டிலில் படுக்கக் கூடாது' என்று மாறும். ஆங்கிலத்தில் இந்த ஒட்டு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. இருக்கிற எழுத்துக்குப் பின்னால் சேர்த்தால் போதும். தமிழில் அது நடுவில் புகுகிறது. பழைய தாளில் செருக முடியாது. ஆகவே மாற்றுத் தாளையும் முதல் நாளே, அதே பேனாவால், அதே கையெழுத்தில், அதே எழுத்தளவில் எழுதி வைத்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் புதிதாக எழுதினால் மையின் நிறமும் தாளின் வெளுப்பும் காட்டிக்கொடுத்துவிடும். ஆறாவதான கொலைத் தடைக்கு 'காரணமின்றி', ஐந்தாவதான மதுத் தடைக்கு 'அளவுக்கு மீறி' சேர்த்த தாள்களும் அப்படியே தயாராக இருக்கட்டும்.

ஒட்டிய அன்றே இரண்டு மாணவர்கள் ஏழையும் ஒரு தாளில் படியெடுக்க வேண்டும். அதை உறையில் போட்டு ஒட்டி, மடிப்பின் மேல் நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டு, பீரோவில் பூட்டுங்கள். 'தேர்வுக்குத் தேவைப்படும்' என்று சொன்னால் போதும். பிறகு சுவரைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். ஆறாம் அத்தியாயத்துக்கு முந்தின நாள் பள்ளி விட்ட பிறகு தாளை மாற்றுங்கள்.

மறுநாள் படிக்கும்போது, குளோவர் என்ற குதிரை சந்தேகப்பட்டுக் கொட்டகைச் சுவருக்குப் போகும் இடத்தில் நிறுத்துங்கள். யாரும் திரும்பிப் பார்க்காமல் நான்காம் கட்டளையை நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். பேனாவால்தான், பென்சில் கூடாது. எழுதி முடித்ததும் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பலர் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள். சுவரைப் பார்த்ததும், சத்தமில்லாமல், தான் எழுதியதை அடித்துவிட்டு 'விரிப்புப் போட்ட' என்று மேலே செருகும் கைகளைக் கவனியுங்கள். புத்தகத்தின் உயிர் அந்த அடித்தலில் இருக்கிறது. பேனா கேட்டதும் அதற்காகத்தான்: தடயம் தங்கும். உடனே உறையைப் பிரித்துவிடாதீர்கள். பத்து நிமிடம் வாதாடட்டும். 'எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, விரிப்பு இல்ல' என்பவரும், 'எழுதியே இருக்கே, அப்புறமென்ன' என்பவரும் மோதட்டும். அதற்குப் பிறகுதான் பீரோவைத் திறக்க வேண்டும்.

இது கெட்டுப்போக மூன்று வழி உண்டு. யாராவது முதல் நாளே கைபேசியில் படம் எடுத்திருப்பது ஒன்று. எடுத்திருந்தால் கோபிக்காதீர்கள், உறைக்குப் பதில் அந்தப் படமே சாட்சி. ஆசிரியர் முகத்தில் சிரிப்பு எட்டிப்பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, சீக்கிரமே மாற்றிவிடுவது. நாலைந்து நாளாவது மறக்க இடம் கொடுக்காவிட்டால் எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சுவரோடு சேர்த்து ஒரு சின்ன அட்டவணையும் போடுங்கள்: பண்ணையில் யாருக்கு எவ்வளவு எழுத்தறிவு? பன்றிகள் சரளமாகப் படிக்கும். மூரியல் என்ற ஆடு ஓரளவு படிக்கும். குளோவருக்கு எழுத்து தெரியும், கூட்டிப் படிக்க வராது. பாக்ஸர் என்ற உழைப்பாளிக் குதிரை 'டி' எழுத்தைத் தாண்டவில்லை. கழுதை பெஞ்சமின் பன்றிகளுக்குச் சமமாகப் படிக்கும், ஆனால் வாய் திறக்காது. பாக்ஸரை ஏற்றிப்போகும் வண்டியில் கசாப்புக்காரன் பெயர் எழுதியிருப்பதை அது படித்துச் சொல்லும்போது காலம் கடந்துவிட்டது. பாக்ஸரின் அறியாமையா, பெஞ்சமினின் மௌனமா, எது பெரிய குற்றம் என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரு பாடவேளை தாராளமாக ஓடும்.

பிரசாரத்தைக் கற்பிக்க, பன்றிகளின் பேச்சாளனான ஸ்குவீலரின் ஒரு பேச்சு போதும்: பாலும் ஆப்பிளும் பன்றிகளுக்கே என்று நியாயப்படுத்தும் பேச்சு. அதற்கு நான்கு அடுக்கு. எங்களுக்கு இதில் விருப்பமே இல்லை, அறிவியல் நிரூபித்திருக்கிறது, எல்லாம் உங்களுக்காகத்தான், இல்லாவிட்டால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான். இதைப் படிக்கும் முன் 36 பேர் வகுப்பென்றால் 63 கடலை மிட்டாய் வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டுக் குலுக்கி ஆறு பேரை 'நிர்வாகக் குழு' ஆக்குங்கள். அவர்களுக்கு ஆளுக்கு மூன்று, மற்ற முப்பது பேருக்கு ஆளுக்குப் பாதி. ஏன் இப்படி என்பதை அந்த ஆறு பேரே இரண்டு நிமிடம் விளக்க வேண்டும். பெரும்பாலும் அந்த நான்கு அடுக்கில் குறைந்தது இரண்டு தானாக வந்து விழும். மணி அடிக்கும் முன் மீதி முப்பதையும் அந்த முப்பது பேருக்குக் கொடுத்துவிடுங்கள். முதல் மதிப்பெண் வாங்குபவர்களைக் குழுவாக்காதீர்கள், பழைய மனக்கசப்பு கிளம்பும். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் எள்ளுருண்டை. ஒரு மாணவனை ஒரு வாரம் நெப்போலியனாக்கி மற்றவர்களை அதட்ட விடும் விளையாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். அடிபடுவது எப்போதும் ஏற்கெனவே ஒதுங்கி நிற்கும் பிள்ளைதான்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் தீனியைக் குறைக்கும்போது ஸ்குவீலர் 'குறைப்பு' என்று சொல்வதில்லை, 'மறுசீரமைப்பு' என்கிறான். இங்கே புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, விளம்பரம், அறிவிப்பு, ரசீது என எதிலாவது இதுபோன்ற சொல்லை ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்லுங்கள். 'கட்டணச் சீரமைப்பு' கட்டாயம் வரும். பக்கத்தில் அதன் நேர்ப்பொருளை எழுத வேண்டும்: விலை ஏறிவிட்டது.

ரஷ்யாவுக்கு ஒரு பாடவேளை போதும், எட்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு. 1917 புரட்சி. ஸ்னோபாலுக்கு, ஸ்டாலினின் போட்டியாளராக இருந்து 1929-இல் நாடு கடத்தப்பட்டு 1940-இல் மெக்சிகோவில் கொல்லப்பட்ட ட்ராட்ஸ்கி. ஏழாம் அத்தியாயத்தின் ஒப்புதல் வாக்குமூலங்களுக்கு 1936 முதல் 1938 வரை நடந்த மாஸ்கோ விசாரணைகள். கதையின் மர வியாபாரத்துக்கு 1939 ஆகஸ்டில் ஸ்டாலின் ஹிட்லரோடு செய்த ஒப்பந்தம், காற்றாலை வெடிப்புக்கு 1941 ஜூனில் ஹிட்லர் நடத்திய படையெடுப்பு. கூடவே கால்வாய்க் கரையில் ஸ்டாலின் பக்கத்தில் நிற்கும், அவருடைய ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவின் படத்தையும், அவர் ஒழித்துக்கட்டப்பட்ட பின் அதே படத்தில் அந்த இடம் வெறும் தண்ணீராக இருப்பதையும் அச்செடுத்துக் காட்டுங்கள். திருத்திய படத்தை முதலில் காட்டி 'இதில் என்ன குறைகிறது?' என்று கேட்க வேண்டும். யாராலும் சொல்ல முடியாது.

நம் புதுச்சேரியில் இன்னொரு விஷயத்துக்கும் தயாராக இருங்கள். கதையில் விலங்குகள் ஒன்றையொன்று 'தோழர்' என்று அழைக்கின்றன. அது இங்கே பல கம்யூனிஸ்ட் வீடுகளில் புழங்கும் சொல். 'எங்க தாத்தா கட்சியத் திட்டுற கதையா?' என்று ஒரு பிள்ளை கேட்கலாம். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். ஆர்வெல் சோஷலிசத்தை நம்பியவர். ஸ்பெயினில் பாசிஸ்டுகளை எதிர்த்துப் போரிட்டு 1937-இல் தொண்டையில் குண்டடி பட்டவர். சமத்துவம் என்ற சொல்லைத் திருடியவர்கள் மேல்தான் அவருக்குக் கோபம். பாரதி 1908-இல், அப்போது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்த ஊருக்கு வந்து நடத்திய 'இந்தியா' இதழின் முகப்பிலும் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்கள் இருந்தன. அந்த இதழை பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையவிடவில்லை. 1918 நவம்பரில் எல்லை தாண்டிய பாரதியைக் கைது செய்து கடலூர் சிறையில் வைத்தார்கள். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரத்தில், ஒரு பக்கம் அச்சாகும் தாள் மறுபக்கம் குற்றமாக இருந்திருக்கிறது. தணிக்கை என்றால் என்ன என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் நம் பிள்ளைகளுக்குக் கிடையாது.

இன்றைய தலைவர்களோடு பொருத்திப் பார்க்க ஆசை வரும். முதல் நாளே விதி வைத்துவிடுங்கள்: ஆள் பெயர், கட்சிப் பெயர் கூடாது; உத்தியின் பெயரைச் சொல்லலாம். 'இவர்தான் நெப்போலியன்' என்று ஒருவர் ஆரம்பித்தால் வகுப்பு கட்சிச் சண்டையாகும், மறுநாள் பெற்றோர் வாசலில் நிற்பார்கள். 'பழைய எதிரியைக் காட்டிப் பயமுறுத்தும் உத்தி' என்று பேசினால் எல்லாக் கட்சி வீட்டுப் பிள்ளையும் தன் வீட்டைத் தானே திரும்பிப் பார்க்கும்.

பாக்ஸரின் அத்தியாயத்தை வாரக் கடைசியில் வைக்காதீர்கள். சில பிள்ளைகள் அழுவார்கள். மறுநாள் பேச ஒரு வகுப்பு இருக்க வேண்டும்.

கடைசி வகுப்பில் ஏழு தாளையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு தாளை ஒட்டுங்கள்: 'எல்லா விலங்குகளும் சமம், ஆனால் சில விலங்குகள் மற்றவற்றைவிட அதிகச் சமம்.' தமிழில் படிக்கும்போதே நாக்கு இடறும். சமத்தில் அதிகம், குறைவு உண்டா என்று கேளுங்கள். இலக்கணம் தெரிந்த பிள்ளை எழுந்து இது வாக்கியமே இல்லை என்பாள். வாக்கியமாக இல்லாததை ஏன் ஒருவரும் தட்டிக் கேட்கவில்லை என்பதுதான் தேர்வுக் கேள்வி. விடை ஒன்றரைப் பக்கம், புத்தகத்திலிருந்து மூன்று இடங்களையாவது காட்ட வேண்டும்.

நேரம் மிச்சமிருந்தால் 1954-இல் வந்த கார்ட்டூன் படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் போட்டுக் காட்டுங்கள். அதில் விலங்குகள் மறுபடியும் எழுந்து பன்றிகளைக் கவிழ்க்கின்றன. புத்தகத்தில் அது கிடையாது. அந்தப் படத்துக்குப் பின்னாலிருந்தது அமெரிக்க உளவுத்துறையின் பணம். பிள்ளைகளிடம் இதை முதலில் சொல்லிவிடாதீர்கள். முடிவை மாற்றியது யார், எதற்காக என்று அவர்களே கேட்கும்வரை காத்திருங்கள்.