மலை ஏறும்போது போனுக்கு ரக்கட் கவர்: மாட்டுவது முதல் கழுவுவது வரை

வெள்ளியங்கிரியில் ஏழு மலையையும் ஏறுகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில்தான் கிளம்புகிறார்கள். ஒரு கையில் மூங்கில் தடி, இன்னொரு கையில் டார்ச்சுக்காகப் பிடித்த போன். வழியெல்லாம் கல்லும் பாறையும். கை நழுவினால் சாதாரண பேக் கவர் தாங்காது. அதனால் தடிமனான ரக்கட் கவர் வாங்குவது நல்ல யோசனைதான். ஆனால் கிளம்புகிற அன்று வாங்கி மாட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு வாரம் முன்னாலேயே வாங்கிப் பழகுங்கள்.

1. பெட்டியில் எழுதியிருப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

‘மில்-எஸ்டிடி-810’ என்று பல கவர்களில் போட்டிருப்பார்கள். இது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறை. இதில் வழக்கமாகச் செய்யும் விழுதல் சோதனையில், 4 அடி உயரத்திலிருந்து 26 முறை கீழே போடுவார்கள்: 6 பக்கம், 12 விளிம்பு, 8 மூலை. விழுவது பெரும்பாலும் ஒட்டுப்பலகை மேல், பாறை மேல் அல்ல. ராணுவம் யாருக்கும் சான்றிதழ் தருவதும் இல்லை; சோதித்ததாகச் சொல்வது கம்பெனிதான். எனவே அந்த எழுத்தை மட்டும் நம்பாமல் கவரைக் கையில் எடுத்துப் பாருங்கள். நான்கு மூலையும் புடைத்திருக்க வேண்டும். போனைக் குப்புற வைத்தால் திரை தரையைத் தொடக் கூடாது. கேமராவைச் சுற்றியும் விளிம்பு உயர்ந்திருக்க வேண்டும். கயிறு கட்ட ஓட்டை இருந்தால் இன்னும் நல்லது.

2. துடைத்துவிட்டு மாட்டுங்கள்

போனையும் கவரின் உட்புறத்தையும் மெல்லிய துணியால் துடையுங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட மணல் துகள், நடக்க நடக்க உரசி கண்ணாடியையே கீறிவிடும். இரண்டு பாகமாக வரும் கவர் என்றால் சுற்றிலும் அழுத்தி, எல்லாக் கொக்கியும் விழுந்துவிட்டதா என்று பாருங்கள். டெம்பர்டு கிளாஸின் ஓரத்தைக் கவர் தூக்குகிறதென்றால் இரண்டும் ஒத்துவராது. ஒன்றை மாற்றத்தான் வேண்டும்.

3. வீட்டிலேயே சோதியுங்கள்

எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. பவர் பட்டனைக் கவரோடு அழுத்திப் பாருங்கள். பல போன்களில் அதை அடுத்தடுத்து அழுத்தினால் அவசர அழைப்பு போகும். எத்தனை முறை என்பதை செட்டிங்ஸில் பார்த்து வையுங்கள். கவர் ரொம்ப இறுக்கமாக இருந்தால், உதவி தேவைப்படும் நேரத்தில் விரல் திணறும்.

அடுத்து திசைகாட்டி. காந்தம் வைத்த கவர்கள் அதைக் குழப்பும். கவரோடு ஒருமுறை, கழற்றி ஒருமுறை வடக்கு எங்கே காட்டுகிறது என்று ஒப்பிடுங்கள். பவர் பேங்க் கேபிள் கவரின் துளைக்குள் முழுசாக நுழைகிறதா என்றும் பாருங்கள்.

4. தண்ணீர் வேறு விஷயம்

விழுந்தால் தாங்கும் கவர் மழையைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான ரக்கட் கவர்களில் ஸ்பீக்கர், சார்ஜர் துளைகள் திறந்தேதான் இருக்கும். உங்கள் போன் ஐபி68 (தூசி, தண்ணீர் தாங்கும் அளவைச் சொல்லும் தரக்குறியீடு) என்றாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்தது. உப்புத் தண்ணீருக்குப் பொருந்தாது. போன் பழசாகும்போது அந்தப் பாதுகாப்பும் குறையும்.

முழுதும் மூடிய வாட்டர்ப்ரூஃப் கவர் என்றால், போனுக்குப் பதில் ஒரு டிஷ்யூ பேப்பரை உள்ளே வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். வெளியே துடைத்துவிட்டுத் திறங்கள். பேப்பர் துளி ஈரமானாலும் அந்தக் கவரை நம்பாதீர்கள். திறந்த துளைகள் உள்ள கவர் என்றால், கோடை மழைக்குக் கையில் ஒரு ஜிப் பவுச் போதும்.

5. வழியில்

போனைக் கயிற்றில் கோத்து, பையின் தோள்பட்டையில் கட்டிவிடுங்கள். பின் பாக்கெட் வேண்டாம். பாறையில் உட்கார்ந்தால் கவர் இருந்தும் போன் வளையும். டார்ச்சுக்கு ஹெட்லேம்ப் தனியாக வாங்கிக்கொண்டால் போனைக் கையில் பிடிக்கவே வேண்டாம். என்னைக் கேட்டால், கவரைவிட அதுவே பெரிய பாதுகாப்பு.

தடித்த கவர் சூட்டையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும். ஐபோனுக்கு 35 டிகிரி வரைதான் பயன்படுத்த ஏற்ற வெப்பநிலை என்று ஆப்பிளே சொல்கிறது. வெயிலில் இறங்கும்போது பவர் பேங்கில் போட்டால் நிழலில் உட்கார்ந்து, கவரைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். திரை நனைந்து தொடுதல் வேலை செய்யாவிட்டால், வால்யூம் பட்டனால் படம் எடுக்கலாம்.

6. வீடு திரும்பியதும்

கவரைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் முழுசாகக் காய வையுங்கள். சார்ஜர் துளை ஈரமாக இருந்தால் கேபிளைச் செருக வேண்டாம். துளை கீழே பார்க்கப் பிடித்து மெதுவாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அரிசியில் புதைக்காதீர்கள், தூளும் குருணையும் உள்ளே போகும். கவரின் மூலைகளை ஒருமுறை வளைத்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் அடுத்த ஏற்றத்துக்கு முன் வேறு கவர் வாங்கிவிடுங்கள்.