03 என்பது 1903 அல்ல

தாத்தாவின் அண்ணன் மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர். திரும்பவில்லை. எப்படி இறந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

போர்க் கல்லறைப் பட்டியல்களில் நான்கு நாள் தேடினேன். எல்லாம் படைவீரர் பெயர்கள். அவர் பெயரை நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தும் ஒன்றும் சிக்கவில்லை.

அத்தையின் டிரங்குப் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது: ‘கொங்கொயித்தா, 28-5-03’. 1903 என்று நினைத்து, வேறு யாருடையதோ என ஒதுக்கியிருந்தேன். ஓரத்தில் மங்கிப்போன சிவப்பு முத்திரையை லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. எழுத்து ஜப்பானியம்! ஆக்கிரமிப்புக் காலத்தில் மலாயாவில் ஜப்பானிய ஆண்டுக்கணக்குதான் புழங்கியது. 03 என்பது அதில் 2603; நமக்கு 1943.

அப்புறம் பெயரை விட்டுவிட்டு, இடத்தையும் மாதத்தையும் வைத்துத் தேடினேன். சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்ட 7,000 போர்க்கைதிகள் கொண்ட ‘எஃப்’ படையின் அறிக்கைகளில் விடை இருந்தது. 1943 மே மாதம், அந்தப் பாதையில் இருந்த கொங்கொயித்தா முகாமில் ஆசியத் தொழிலாளர்களிடையே காலரா பரவியிருந்தது. அங்கே தங்கிய கைதிகளுக்கும் தொற்றியது. அவர் பெயர் அதில் இல்லை. ஆனால் இடமும் மாதமும் அப்படியே பொருந்துகின்றன. அன்றிரவே அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன்.