பனிக்கால மின்தடையில் மின்வாகனத்திலிருந்து வீட்டுக்கு மின்சாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2013ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் திகதி இரவு தொடங்கிய உறைமழை, ரொறன்ரோவின் மரக்கிளைகளிலும் மின்கம்பிகளிலும் கண்ணாடிபோலப் படிந்து அவற்றை முறித்து வீழ்த்தியபோது, நகரில் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் செயலிழந்தன. நத்தார் கடந்த பின்னரும் சில தெருக்களுக்கு மின்சாரம் திரும்பவில்லை. எரிவாயு தடையின்றி வந்துகொண்டிருந்தும் வீடு ஏன் குளிர்ந்துபோகிறது என்பதை ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வாழ்ந்த எங்களில் பலர் அந்த நாட்களில்தான் விளங்கிக்கொண்டோம். எரிவாயு ஃபர்னஸ் வெப்பத்தை வாயுவிலிருந்து பெற்றாலும், தீயை மூட்டவும், வால்வைத் திறக்கவும், வெப்பக்காற்றை அறைகளுக்குத் தள்ளவும் அதற்கு மின்சாரம் வேண்டும்.

அன்று அந்தத் தெருக்களில் மின்வாகனம் காண்பதற்கு அரிது. இன்று அதே வீடுகளின் முன்னால் 60 முதல் 130 கிலோவாட் மணி வரை மின்சாரத்தைத் தேக்கி வைத்த வாகனங்கள் நிற்கின்றன. அந்தச் சேமிப்பை வீட்டுக்குத் திருப்பிவிடலாம் என்ற எண்ணம் சரியானது. ஆனால் வாகனத்தில் மின்சாரம் இருப்பது வேறு, அது உறைகுளிரில் தேவையான கருவியைச் சென்றடைவது வேறு. இந்த இடைவெளியில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை மின்தடை வந்த பிறகு திருத்த முடியாதவை. அதனால்தான் இலையுதிர் காலத்திலேயே இவற்றைப் பேசவேண்டும் என்று நினைக்கிறேன்.

விளம்பரக் கணக்கைக் குளிர்காலக் கணக்காக எடுத்துக்கொள்வது

ஃபோர்ட் நிறுவனம் எஃப்-150 லைட்னிங் வாகனத்தை அறிமுகம் செய்தபோது, அது ஒரு வீட்டுக்கு 3 நாட்கள் வரையும், சிக்கனமாகப் பயன்படுத்தினால் 10 நாட்கள் வரையும் மின்சாரம் வழங்கும் என்று அறிவித்தது. அந்தக் கணக்கு, பெரிய பற்றரி முழுமையாகச் சார்ஜ் ஏற்றப்பட்டிருப்பதையும், வீடு ஒரு நாளைக்கு 30 கிலோவாட் மணி பயன்படுத்துவதையும் அடிப்படையாகக் கொண்டது. ஒன்ராறியோவில் எரிவாயுவால் சூடாக்கப்படும் வீட்டுக்கு இது ஏறக்குறைய பொருந்தும். ஆனால் கியூபெக்கில் பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தாலேயே சூடாக்கப்படுகின்றன. அத்தகைய வீடு கடுங்குளிர் நாளொன்றில் 80 அல்லது 100 கிலோவாட் மணியை எளிதாகத் தின்றுவிடும். ஒரே வாகனம் முதல் வீட்டில் நாட்கணக்கில் தாங்கும். இரண்டாவது வீட்டில் ஒரு நாளுடன் தீர்ந்துவிடும்.

ஆகவே உங்கள் வீட்டை எது சூடாக்குகிறது என்பதே முதற்கேள்வி. சுவரோரம் பொருத்தப்பட்ட மின்சூடேற்றி ஒன்று மட்டும் 1 முதல் 2 கிலோவாட் வரை இழுக்கும். மின் ஃபர்னஸ் 10 முதல் 20 கிலோவாட் வரை கேட்கும். அதை எந்த வாகனத்தைக் கொண்டும் இயக்க நினைக்க வேண்டாம். வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப் உள்ள வீடுகளில் சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. அதன் கம்ப்ரசர் சில கிலோவாட்டுடன் அடங்கிவிடும். ஆனால் வெளி வெப்பநிலை மிகவும் இறங்கும்போது துணைச் சூடேற்றி தானாகவே இயங்கத் தொடங்கி, 10 கிலோவாட் அல்லது அதற்கும் மேலாக ஒரே நேரத்தில் கேட்டு, பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித்தரும் வாகனத்தின் இன்வெர்ட்டரை நிறுத்திவிடும். இந்தத் துணைச் சூடேற்றியை மின்தடை நேரத்தில் முடக்கிவைக்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யாதவர்கள், நள்ளிரவில் எல்லாம் ஒருசேர அணைந்தபின் காரணம் தேடி அலைவார்கள்.

எரிவாயு ஃபர்னஸ் உள்ள வீட்டுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றைத் தள்ளும் மோட்டார் சுமார் 500 வாட் எடுத்து, நாளில் பாதி நேரம் ஓடினால் 6 கிலோவாட் மணி. குளிர்சாதனப் பெட்டிக்கு ஒன்றரை, விளக்குகளுக்கும் இணையத்துக்கும் தொலைபேசிகளுக்கும் ஒன்றரை என்று சேர்த்தால் 9 ஆகிறது. பலர் இத்துடன் நிறுத்திவிட்டு, 77 கிலோவாட் மணிப் பற்றரியை 9 ஆல் வகுத்து, எட்டு நாட்களுக்கு மேல் தாங்கும் என்று மகிழ்கிறார்கள். மின்சாரம் வழங்கிக்கொண்டிருக்கும் வாகனம் தானும் விழித்திருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதன் கணினிகள், இன்வெர்ட்டர், பம்புகள் எல்லாம் சேர்ந்து பல வாகனங்களில் சில நூறு வாட்டைத் தொடர்ந்து எடுக்கின்றன. 300 வாட் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 7 கிலோவாட் மணிக்கு மேல் போகிறது. நாட்செலவு இப்போது 16 ஆகிறது. பற்றரியில் மூன்றில் ஒரு பங்கை அவசரப் பயணத்துக்கு ஒதுக்கி, குளிர் விழுங்கும் பங்கையும் கழித்துப் பார்த்தால், எட்டு நாட்கள் ஏறத்தாழ மூன்று நாட்களாகச் சுருங்குகின்றன.

இதிலிருந்து பயனுள்ள பழக்கம் ஒன்று பிறக்கிறது. மின்சாரத்தை நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாக எடுப்பதைவிட, இரண்டு மூன்று மணி நேரம் ஃபர்னஸையும் குளிர்சாதனப் பெட்டியையும் ஒன்றாக இயக்கி, தொலைபேசிகளையும் சார்ஜ் செய்துவிட்டு, பிறகு வாகனத்தை உறங்கவிடுவது சிக்கனமானது. வீட்டுக்குள் 21 பாகை செல்சியஸைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாய்கள் உறையாமல், கம்பளி உடுத்தி இருக்கக்கூடிய 14 அல்லது 15 பாகை போதும். பச்சிளங் குழந்தைகளோ முதியவர்களோ உள்ள வீட்டில் ஓர் அறையையாவது இதைவிடச் சூடாக வைத்திருக்கவேண்டும். நிறைந்திருக்கும் ஃப்ரீசரை மூடியே வைத்திருந்தால் 48 மணி நேரம் தாங்கும் என்பதால் அதற்கு அவசரப்பட வேண்டாம்.

ஃபர்னஸைச் சாதாரணக் கருவியாக எண்ணுவது

என் கருத்தில் மிகப் பரவலாக நடப்பதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இந்தத் தவறுதான். ஹூண்டாய் அயோனிக் 5, கியா ஈவி6 போன்ற வாகனங்களில் வாகனத்திலிருந்து கருவிகளுக்கு நேரடியாக மின்சாரம் தரும் வி-டு-எல் என்ற வசதி உண்டு. சார்ஜ் ஏற்றும் துளையில் ஓர் அடாப்டரைச் செருகினால், வட அமெரிக்காவில் 120 வோல்ட்டில் 2 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம் கிடைக்கும். ஃபர்னஸுக்கு 500 வாட் போதுமென்றால் கவலை எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் கனடிய வீடுகளில் ஃபர்னஸுக்குப் பெரும்பாலும் பிளக் கிடையாது; அது வீட்டின் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பனலிலிருந்து நேரடியாக வயர் இழுத்து இணைக்கப்பட்டிருக்கிறது. பனிப்புயலின் நடுவில், கைவிளக்கு வெளிச்சத்தில், அந்த வயரைக் கழற்றிப் பிளக் பொருத்த முனைவது ஆபத்தானது, அனுமதியின்றிச் செய்தால் சட்டத்துக்கும் புறம்பானது. ஃபர்னஸின் ஒரு சர்க்கியூட்டுக்கு மட்டும், தெரு மின்சாரத்துக்கும் வாகன மின்சாரத்துக்கும் இடையே மாற்றிவிடும் சிறிய மாற்றுச் சுவிட்சும் வெளி மின்சாரத்தை வாங்கும் செருகுவாயும் பொருத்திவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். வீடு முழுவதற்குமான ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் இது சிறிய வேலை.

அதைப் பொருத்திய பிறகும் ஒரு தடை வரலாம். உறவினர் ஒருவரின் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். வாகனத்தோடு இணைத்தவுடன் ஃபர்னஸ் உயிர்பெற்றது, தீ மூண்டது, சில விநாடிகளில் அணைந்தது. மூன்று முறை இப்படி நடந்தபின் அது தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. காரணம் நிலத்தொடர்பில் இருந்தது. ஃபர்னஸில் தீ உண்மையிலேயே எரிகிறதா என்று அறிய, தீயின் ஊடே மைக்ரோ ஆம்பியர் அளவில் ஒரு நுண்ணிய மின்னோட்டம் செலுத்தப்பட்டு, நிலத்தொடர்புள்ள பர்னர் வழியே திரும்பி வருகிறதா என்று கண்காணிக்கப்படுகிறது. வீட்டுப் பனலில், மின்னோட்டம் திரும்பும் கம்பியான நியூட்ரலும் நிலக்கம்பியும் ஓரிடத்தில் இணைக்கப்பட்டிருப்பதால் இந்தச் சுற்று முழுமையாகிறது. வாகனத்திலிருந்து வரும் மின்சாரத்தில் அந்த இணைப்பு இல்லாவிட்டால், தீ எரிந்தாலும் உணரி அதைக் காணாது. பாதுகாப்புக்காக வாயு மூடப்படும். எல்லா ஃபர்னஸ்களிலும் இப்படி நேர்வதில்லை. மறுபுறம், வாகனத்திலும் பனலிலும் என இரண்டு இடங்களில் அந்த இணைப்பு இருந்தால், கசிவைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் விழுந்து மின்சாரம் நின்றுவிடும். உங்கள் வாகனமும் உங்கள் ஃபர்னஸும் ஒத்துப்போகின்றனவா என்பதை மின்பணியாளரின் துணையோடு முன்கூட்டிச் சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நிலக்கம்பியை நீங்களே மாற்றி இணைத்துப் பார்க்கவேண்டாம்.

இருமுனையும் ஆண் பிளக் உள்ள வயர்

இதைச் சுருக்கமாகவும் உறுதியாகவும் சொல்லவேண்டும். வாகனத்தின் மின்சாரத்தைச் சுவரில் உள்ள பிளக் பொயின்ரில் திருப்பிச் செருகி வீடு முழுவதையும் இயக்க முயல்வது உயிரைப் பறிக்கும். மெயின் பிரேக்கரை அணைக்க மறந்தால், அந்த மின்சாரம் தெருவில் உள்ள மின்மாற்றிக்குச் சென்று உயர் அழுத்தமாக மாறி, பனியில் கம்பியைச் சரிசெய்துகொண்டிருக்கும் பணியாளரைத் தாக்கும். வீட்டு மின்கட்டமைப்போடு சேரும் எந்த இணைப்புக்கும் மாற்றுச் சுவிட்சோ, இரண்டு மூலங்களும் ஒரே நேரத்தில் இணைய முடியாதபடி தடுக்கும் பூட்டோ வேண்டும். ஒன்ராறியோவில் இத்தகைய வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரைக் கொண்டு செய்து, மின்பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவித்துப் பரிசோதனை பெறவேண்டும்.

வி-டு-எல் வசதி உள்ள வாகனம் எல்லாம் வீட்டின் பனலுக்கு மின்சாரம் தரும் என்று எண்ணுவதும் இதனுடன் சேர்ந்த மயக்கம். பனலுக்குத் தருவதற்கு வி-டு-எச் என்ற தனி ஏற்பாடும், அதற்குரிய சார்ஜரும் தேவை. 120 வோல்ட் மட்டும் தரும் வாகனத்தால், 240 வோல்ட் கேட்கும் கிணற்றுப் பம்பையோ தண்ணீர்ச் சூடேற்றியையோ இயக்க முடியாது. நாட்டுப்புறத்தில் கிணற்றுநீரை நம்பியிருப்பவர்களுக்கு இது குடிநீரே இல்லாமல் போவதைக் குறிக்கும்.

குளிரில் பற்றரி நடந்துகொள்ளும் விதத்தை அறியாதிருப்பது

லித்தியம் அயன் பற்றரி குளிரும்போது அதன் உட்தடை கூடுகிறது. உள்ளே இருக்கும் மின்சாரம் அழிந்துவிடுவதில்லை, ஆனால் ஒரு பகுதியை வெளியே எடுக்க முடியாமல் போகிறது. குளிர்காலத்தில் ஓட்டும் தூரம் கணிசமாகக் குறைவதைக் கண்டவர்கள், வீட்டுக்குக் கிடைக்கும் மின்சாரமும் அதே விகிதத்தில் குறையும் என்று முடிவுசெய்கிறார்கள். அது சரியல்ல, பயணத்தில் ஏற்படும் இழப்பில் பெரும்பங்கு வாகனத்தின் உட்பகுதியைச் சூடாக்கப் போகிறது, நின்றிருக்கும் வாகனத்துக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் நின்றபடி சிறு சுமையை மட்டும் தாங்கும் பற்றரி தன்னைத்தானே சூடாக்கிக்கொள்வதில்லை என்பதால், வெளிக்குளிரில் அது மெல்ல மெல்ல விறைத்துப்போகும்.

இதனால்தான் புயல் எச்சரிக்கை வந்தவுடன் செய்யவேண்டியவை சில இருக்கின்றன. நாளாந்தப் பயன்பாட்டுக்காக 80 விழுக்காட்டில் நிறுத்தியிருக்கும் சார்ஜ் வரம்பை 100க்கு உயர்த்துங்கள். மின்சாரம் இருக்கும் வரை வாகனத்தைச் சார்ஜரிலேயே விட்டுவைத்தால், பல வாகனங்கள் பற்றரியைச் சூடாக்கத் தேவையான மின்சாரத்தை வெளியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கராஜ் இருந்தால் உள்ளே நிறுத்துங்கள். சில பாகை வித்தியாசமும் பயன்தரும். ஆனால் மின்தடையில் கராஜ் கதவின் மோட்டார் இயங்காது. மேலே தொங்கும் சிவப்புக் கைப்பிடியை இழுத்துக் கதவைக் கையால் திறக்க வீட்டில் உள்ள எல்லோரும் பழகியிருக்கவேண்டும்.

மின்தடை நீளும்போது, முடிந்தவரை எடுத்துவிட்டுப் பிறகு வேகச் சார்ஜரில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைப்பதும் பிழை. அருகிலுள்ள வேகச் சார்ஜர்களும் அதே மின்தடையில் கிடக்கக்கூடும். உறைநிலைக்குக் கீழே உள்ள பற்றரியில் வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் அதன் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து சேதம் விளையும் என்பதால், வாகனமே வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும். வெளிச்சுமைக்கு மின்சாரம் தருவதை எந்த விழுக்காட்டில் நிறுத்தவேண்டும் என்று அமைக்கும் வசதி இருந்தால், அதை 30க்குக் கீழே இறக்காதீர்கள். 12 வோல்ட் சிறு பற்றரி பழையதாக இருந்தால் குளிர்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்; அது செத்துப்போனால், பெரிய பற்றரி நிறைந்திருந்தும் வாகனம் விழிக்காது.

கராஜும் கார்பன் மோனாக்சைடு நஞ்சும்

2021 பெப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தைக் குளிர் முடக்கியபோது, வீடுகளைச் சூடாக்க முயன்ற பலர் கார்பன் மோனாக்சைடு நஞ்சுக்கு ஆளானார்கள். கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். முழு மின்வாகனத்துக்குப் புகைக்குழாய் இல்லாததால் இந்த ஆபத்து அதற்கு இல்லை, இது அதன் மிகப்பெரிய நன்மை. ஆனால் ஹைபிரிட் வாகனங்களிலும் வீட்டுக் கருவிகளுக்கு மின்சாரம் தரும் பிளக்குகள் வந்துவிட்டன. பற்றரி இறங்கியதும் அவற்றின் எஞ்சின் தானாக இயங்கத் தொடங்கும். இரவில் கராஜுக்குள் நிறுத்தி வயர் இழுத்துவிட்டு உறங்கச் சென்றால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஹைபிரிட் என்றால் திறந்த வெளியில், சன்னல்களுக்குத் தொலைவில் மட்டுமே நிறுத்துங்கள்.

வயர்களிலும் கவனம் வேண்டும். கோடையில் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பயன்படுத்திய மெல்லிய வயரின் உறை கடுங்குளிரில் விறைத்து வெடிப்புவிடும். வெளிப்பயன்பாட்டுக்கென்று செய்த, குளிரைத் தாங்கும் உறையுள்ள தடித்த வயரே தேவை. இணைப்புகள் பனிக்குள் புதையாமல் உயர்த்தி வையுங்கள். வயர் நுழையும் சன்னல் இடுக்கைத் துணியால் அடைக்காவிட்டால், ஃபர்னஸ் சேர்த்த வெப்பம் அந்த வழியே வெளியேறும்.

இவை அனைத்தையும் நவம்பரில் ஒரு சனிக்கிழமை பகலில் ஒத்திகை பார்த்துவிடுங்கள். மெயின் பிரேக்கரை அணைத்து, வாகனத்தை இணைத்து, ஃபர்னஸ் தொடர்ந்து எரிகிறதா, பேஸ்மென்ற்றில் நீரிறைக்கும் பம்ப் கிளம்பும்போது இன்வெர்ட்டர் தாங்குகிறதா என்று இரண்டு மணி நேரம் பாருங்கள். வீடு முழுவதற்குமான சில ஏற்பாடுகள் இருட்டில் விழித்தெழச் சிறிய பற்றரி ஒன்றை நம்பியிருக்கும். அதற்கு உயிர் இருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

மின்சாரம் திரும்பியவுடன் வாகனத்தைச் சார்ஜரில் செருகத் தோன்றும். சில மணி நேரம் பொறுத்திருங்கள். நீண்ட மின்தடைக்குப் பிறகு தெருவிலுள்ள எல்லா ஃபர்னஸ்களும் தண்ணீர்ச் சூடேற்றிகளும் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்குவதால் மின்கம்பிகள் வழமையைவிட அதிகச் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும். அந்நேரத்தில் பத்து வாகனங்கள் சேர்ந்து இழுத்தால் அதே தெரு மீண்டும் இருளில் மூழ்கக்கூடும்.