அலாரம் அணைத்தது ஞாபகம் இருக்கிறது, ஊசி போட்டது?

இரவு 10 மணி இன்சுலினுக்கு போனில் அலாரம் வைத்திருந்தேன். அடித்ததும் கை தானாகப் போய் அணைத்துவிடும். ஒரு நாள் படுத்த பிறகு சந்தேகம் வந்தது: போட்டேனா, இல்லையா? ஊசி போடும் இன்சுலின் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் தெரியவில்லை. இரண்டாவது முறை போட்டுவிட்டால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடும் என்று பயந்து விட்டுவிட்டேன். காலையில் சர்க்கரை 268.

அலாரம் சரியாகத்தான் அடித்தது. நான்தான் அதை முன்கூட்டியே அணைத்தேன். இப்போது ஊசி போட்டு, 10 வரை எண்ணி வெளியே எடுத்து, எத்தனை யூனிட் என்று நோட்டில் எழுதிய பிறகுதான் அணைக்கிறேன். அதுவரை ஸ்னூஸ் மட்டும். போன் இருப்பதும் பேனா பக்கத்தில்தான். எழுந்து போனால்தான் சத்தம் நிற்கும். மறந்த டோஸுக்கு என்ன செய்வது என்பதையும் டாக்டரிடம் கேட்டு அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிந்தைய சோதனைக்கு நிலையான அலாரம் உதவவில்லை, சாப்பிடும் நேரம் தினமும் மாறுகிறதே. முதல் வாய் வைக்கும்போதே 2 மணி நேர டைமரைத் தட்டிவிடுகிறேன்.

சர்க்கரை 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிட டைமர், மறுபடி சோதனை. கை நடுங்கும் நேரத்தில் மணி பார்க்கும் நிதானம் எனக்கு இருப்பதில்லை.

அப்புறம், திறந்த பேனா: என்னுடையது 28 நாள்தான் தாங்கும். திறக்கும் அன்றே காலண்டரில் 27ஆம் நாளுக்கு நினைவூட்டல் போட்டுவிடுகிறேன்.