ஏழாம் வருடத்தில் கடன் அழியாமல் இருக்க: பிரோஸ்புல் எழுதும் முறை

ஒரு யூதர் இன்னொரு யூதருக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணம் ஏழாம் வருட முடிவில் தானாகவே ரத்தாகிவிடும். உபாகமம் 15ஆம் அதிகாரத்தின் சட்டம் இது. தமிழ் வேதாகமம் அதை 'விடுதலை வருஷம்' என்கிறது, எபிரேயத்தில் ஷ்மித்தா. அந்த வருடம் நெருங்குகிறதே என்று ஏழைக்குக் கடன் மறுத்துவிடாதே என அதே அதிகாரத்தின் 9ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஆனாலும் மறுத்தார்கள். வட்டியும் வாங்கக் கூடாது, முதலும் போகும் என்றால் மடியை அவிழ்க்க யாருக்கு மனசு வரும்? ஏரோது மன்னன் காலத்து எருசலேமில் ஹில்லெல் என்ற யூத அறிஞர் இதைக் கண்டுதான் பிரோஸ்புல் என்ற பத்திரத்தை ஏற்படுத்தினார்.

உபாகமம் உள்ளிட்ட ஐந்து நூல்களான தோராவில் ஒரு எழுத்தைக்கூட அவர் நீக்கவில்லை. கடனை 'உன் கை' விட்டுவிட வேண்டும் என்கிறது 3ஆம் வசனம். நீதிமன்றத்திடம் ஒப்படைத்த கடன் உன் கையில் இல்லை. ஆகவே அது அழியாது. இந்த ஒரு சொல்லில்தான் முழுப் பத்திரமும் நிற்கிறது. கீழே வரும் நிபந்தனைகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவை என்பதால் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் நாள். யூத ஆண்டை 7ஆல் வகுத்தால் மீதி வராத ஆண்டு ஷ்மித்தா. கடந்த முறை 5782; அடுத்தது 5789, அதாவது 2028 செப்டம்பர் 20 மாலை முதல் 2029 செப்டம்பர் 9 மாலை வரை. கடன் அழிவது அந்த ஆண்டின் கடைசி நாளான எலுல் மாதம் 29 அன்று சூரியன் மறையும்போது. அதற்குள் பத்திரம் முடிந்திருக்க வேண்டும். ஷ்மித்தா தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும் என்று கருதும் மரபும் உண்டு. இரண்டையும் மதிப்பவர்கள் 2028இல் ஒன்று, 2029இல் இன்னொன்று என இரண்டு எழுதுகிறார்கள். அதுவே பாதுகாப்பான வழி.

அடுத்து, எந்தெந்தக் கடனுக்கு இது தேவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். அடகு பிடித்துக் கொடுத்தது அழியாது. தவணை ஷ்மித்தா முடிந்த பிறகு வருவதாக எழுதிக் கொடுத்ததும் அழியாது, ஏனெனில் இன்னும் கேட்கும் உரிமையே பிறக்கவில்லை. கடைப்பற்றும் வேலையாளுக்குத் தரவேண்டிய கூலியும் அப்படியே நிற்கும். ஆனால் அந்தப் பாக்கியை ஒரு தொகையாக்கிக் 'கடன்' என்று கணக்கில் ஏற்றிவிட்டால் அதுவும் அழியும் வகையில் சேர்ந்துவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். வங்கியில் போட்ட பணமும் ஒரு வகையில் வங்கிக்குக் கொடுத்த கடன் என்பதால், இஸ்ரேலில் கைமாற்றே கொடுக்காதவர்கள்கூட பிரோஸ்புல் எழுதி வைக்கிறார்கள்.

இனி நிலம். கடன் வாங்கியவருக்கு ஏதாவது நிலம் இருந்தால்தான் பிரோஸ்புல் செல்லும். எவ்வளவு? அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பிய ஒரு பூந்தொட்டி போதும். ஓட்டை வழியே வேர் தரையின் ஈரத்தை உறிஞ்சுவதால் அது நிலமாகிறது. ஒரு முட்டைக்கோஸ் தண்டு நிற்கும் இடம் போதும் என்கிறது யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்மூத். வாடகை இடமும், அடுப்பு வைக்க இரவலாகக் கொடுத்த மூலையும் கணக்கில் வரும். ஒன்றுமே இல்லாதவர் என்றால், கடன் கொடுத்தவரே தன் நிலத்தில் துளி இடத்தை இன்னொருவர் மூலமாக அவருக்குச் சேர்த்துவிடலாம். கடன் வாங்கியவர் நேரில் வர வேண்டியதில்லை. இது வெறும் சம்பிரதாயம் என்று தாண்டிப் போகாதீர்கள், இதை விட்டால் பத்திரம் நிற்காது.

பிறகு, கடனை ஒப்படைக்க நீதிமன்றமாக அமரும் மூன்று பேர். ஒருவருக்கொருவரோ உங்களுக்கோ உறவினராக இருக்கக் கூடாது. பெரிய நீதிமன்றம்தான் வேண்டும் என்பது யூதச் சட்ட நூலான ஷுல்கான் அரூக்கின் கருத்து. ஐரோப்பிய யூதர்களின் அஷ்கெனாசி மரபுக்குத் தீர்ப்புச் சொன்ன அறிஞர் ரெமா, எந்த மூவரும் போதும் என்று தளர்த்தினார். அவர் வழியில் வாய்மொழியாகச் சொன்னாலே போதும். எழுதுவதானால், யூத வாய்மொழிச் சட்டத்தின் பழைய தொகுப்பான மிஷ்னா தரும் வாசகம் இவ்வளவுதான்: "இன்ன ஊர் நீதிபதிகளாகிய இன்னார், இன்னாரிடம் ஒப்படைக்கிறேன்: எனக்கு வரவேண்டிய எந்தக் கடனையும் நான் விரும்பும்போது வசூலித்துக்கொள்வேன்." கீழே நீதிபதிகளோ சாட்சிகளோ கையெழுத்து. கடன்களைத் தனித்தனியாகப் பட்டியலிட வேண்டாம். ஐந்து பேருக்குக் கொடுத்தவருக்கு ஒரே பிரோஸ்புல் போதும். ஒரே ஆளுக்கு ஐந்து பேர் கொடுத்திருந்தால் ஐவரும் தனித்தனியே எழுத வேண்டும். ஒப்படைப்பவர் கடன் கொடுத்தவர் அல்லவா!

தேதியில் கவனம். பத்திரத் தேதிக்கு முன் கொடுத்த கடன்கள் மட்டுமே காக்கப்படும். ஆகவே உண்மை நாளைவிட முந்தைய தேதி இட்டால் செல்லும், நட்டம் எழுதியவருக்குத்தான். பிந்தைய தேதி இட்டால் செல்லாது, இடையில் கொடுத்த கடன்களையும் அது பொய்யாக உள்ளே இழுத்துவிடும். எழுதிய மறுநாள் நண்பருக்கு நூறு ஷெக்கல் கொடுத்தால் அதற்குப் புதிதாக ஒன்று வேண்டும்.

பத்திரம் தொலைந்துபோனால் பதற வேண்டாம். "இருந்தது, தொலைந்துவிட்டது" என்று கடன் கொடுத்தவர் சொன்னால் நம்பப்படுவார். நீதிமன்றமே அப்படிக் கேட்டு எடுத்துக்கொடுக்கும். சிறு வயது அனாதைகளுக்கு வரவேண்டிய கடனுக்குப் பிரோஸ்புல்லே தேவையில்லை: நீதிமன்றம்தான் அவர்களுக்குத் தகப்பன்.

இந்த ஏற்பாட்டை எல்லோரும் உடனே மெச்சிவிடவில்லை. பாபிலோனிய அறிஞர் ஷமுவேல், தனக்கு வலு இருந்தால் இதை ரத்துசெய்வேன் என்றார். ரவ் நக்மான், இன்னும் உறுதிப்படுத்துவேன் என்றார். நக்மான் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறோம். கடன் கிடைக்காமல் போகும் ஏழைக்குக் கடன் மன்னிப்பால் என்ன பயன்?

பிரோஸ்புல் எழுதாமலே நாள் கடந்துவிட்டால் பணத்தைக் கேட்கக் கூடாது. கடன்பட்டவர் தானாகக் கொண்டுவந்து நீட்டினால், "நான் விட்டுவிட்டேன்" என்று சொல்லியாக வேண்டும். "ஆனாலும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொன்னால் வாங்கிக்கொள்ளலாம். அப்படித் திருப்பிக் கொடுப்பவரைக் கண்டு அறிஞர்களின் மனம் குளிர்கிறது என்கிறது மிஷ்னா.