கொள்ளைநோயும் நாடகமும்: எழுதும்போது செய்யும் தவறுகள்

திருவாரூர் மாவட்டத்து வலங்கைமான் பங்குனித் திருவிழாவில் பாடைக்காவடி பார்த்திருப்பீர்கள். பச்சை மூங்கில் பாடை, கைகால் கட்டு, நெற்றியில் திருநீறு, முன்னால் தீச்சட்டி ஏந்திய உறவினர். படுத்திருப்பவருக்கு மட்டும் உயிர் இருக்கும். சாகக் கிடந்து பிழைத்தவர் மாரியம்மனுக்குச் செலுத்தும் நேர்த்திக்கடன் அது. கொள்ளைநோயையும் நாடகத்தையும் பற்றிக் கட்டுரை எழுதும் நம் டெல்டா மாணவர்கள் இதைத் தாண்டி நேரே லண்டன் அரங்குகளுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம்.

போனதும் 'நோய் வந்தது, அரங்கை மூடினார்கள்' என்று முடித்துவிடுகிறார்கள். பாதிக்கதைதான் அது. கி.மு. 364இல் ரோமில் கொள்ளைநோய் பரவியபோது, தெய்வங்களின் கோபம் தணிய, பக்கத்து நாடான எத்ரூரியாவிலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்தார்கள். ரோமில் மேடைக்கூத்து தொடங்கியதே அப்படித்தான் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் லிவி. ஜெர்மனியின் ஓபராம்மர்காவ் கிராமத்தார் 1633இல் பிளேக்குக்கு அஞ்சி, ஏசுவின் பாடுகளை நடிப்பதாக வேண்டிக்கொண்டு, அடுத்த வருஷமே நடித்தார்கள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை இன்றும் ஊரே நடிக்கிறது. 2020இல் ஆட வேண்டியதைக் கொரோனா 2022க்குத் தள்ளியது. வலங்கைமான்காரருக்கு இந்த வேண்டுதலை விளக்கவே தேவையில்லை.

அதற்காகப் பாடைக்காவடியை 'நாடகம்' என்று எழுதிவிடாதீர்கள். சுமப்பவர்களுக்கு அது வேண்டுதல். அவர்கள் சொல்லையே எழுதுங்கள். அம்மன் கூத்தால் பெரியம்மை ஒழிந்தது என்றும் வேண்டாம். ஒழித்தது தடுப்பூசி. உலகம் முழுக்க ஒழிந்ததாக அறிவித்தது 1980இல்.

அப்புறம், வருஷக் குழப்பம். லண்டன் அரங்குகள் 1592–93, 1603 ஆண்டுகளில் மூடியது பிளேக்கால். 1642இல் மூடியது உள்நாட்டுப் போர் நேரத்தில் நாடாளுமன்றம் போட்ட உத்தரவால். இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, நடிகரை மறப்பது. 2020 மார்ச் 25இல் தொடங்கிய ஊரடங்கு பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றையும் விழுங்கியது. கோயில் நாடகம் ஆடுபவருக்கு வருஷச் சோறு அந்த மாதங்களில்தான். எனக்குத் தெரிந்த, ராஜா வேஷம் கட்டும் ராஜபார்ட் நடிகர் ஒருவர் வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடவுக்குப் போனார். மறு வருஷம் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வெல்வெட் உடுப்பைப் பூச்சி அரித்திருந்தது. ஜரிகையை மட்டும் பிரித்தெடுத்து மடித்து வைத்திருக்கிறார். கட்டுரை எழுதும் முன் அவரைப் போன்ற ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள்.