எப்போதாவது ஆட்டம் பார்ப்பவர்கள் தங்கள் நாட்டின் இறுதிப்போட்டியைப் பார்ப்பது எப்படி?

ஆண்டு முழுவதும் விளையாட்டுப் பக்கமே திரும்பாதவர்கள்கூட, தங்கள் நாட்டு அணி இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டால் தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். தேசிய கீதம் ஒலிக்கையில் அவர்களுக்கும் மெய்சிலிர்க்கிறது. ‘இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?’ என்று தீவிர ரசிகர்கள் கேட்டால் கூசிப்போக வேண்டியதில்லை, ஏனெனில் நாட்டு அணி அதன் புள்ளிவிவரங்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஆனாலும், என்ன நடக்கிறது என்று தெரிந்து பெருமைப்படுவதில் கிடைக்கும் நிறைவு வேறு. அதற்குக் கொஞ்சம் முன்தயாரிப்பு போதும்.

முதல் நாளே, அணி இறுதிக்கு வந்து சேர்ந்த வழியைப் படித்துவிடுங்கள். குறிப்பாக, எங்கே தடுமாறியது என்று பாருங்கள். 2022 கால்பந்து உலகக் கோப்பையில் தன் முதல் ஆட்டத்திலேயே அர்ஜென்டினா 2-1 என்ற கணக்கில் சவூதி அரேபியாவிடம் தோற்றது. அதை அறிந்து இறுதிப்போட்டியைப் பார்த்தவருக்கு மெஸ்ஸி கோப்பையைத் தூக்கிய காட்சி இன்னும் ஆழமாகப் பட்டிருக்கும்.

அடுத்து, ஒரே ஒரு வீரரைத் தேர்ந்தெடுத்து அவரைக் கவனியுங்கள். அவர் நட்சத்திரமாக இல்லாதிருப்பது நல்லது என்பது என் கருத்து. அதே இறுதிப்போட்டியில் கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில், 3-3 என்று சமநிலையில் இருந்தபோது, பிரான்ஸின் கோலோ முவானி தனியாகப் பந்தோடு வந்தார். அர்ஜென்டினாவின் கோல்காப்பாளர் எமிலியானோ மார்ட்டினெஸ் முன்னேறி வந்து, கைகளை அகல விரித்து, இடது காலை நீட்டி அந்தப் பந்தைத் தடுத்தார். அந்தக் கால் அங்கே இல்லாதிருந்தால் பெனால்டி வரை ஆட்டம் போயிருக்காது. பந்தை மட்டுமே துரத்தும் கண்ணுக்கு அது ஒரு நொடி. கோல்காப்பாளரைத் தொடக்கத்திலிருந்தே கவனித்தவருக்கு அதுதான் முழு ஆட்டம்.

சமநிலையில் முடிந்தால் வெற்றியாளரை எப்படித் தீர்மானிப்பார்கள் என்பதையும் முன்பே கேட்டுவையுங்கள். 2019 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் தலா 241 ஓட்டங்கள் எடுத்து, சமநிலையை முறிக்க இரு அணிகளும் ஆடும் கூடுதல் ஓவரான சூப்பர் ஓவரிலும் தலா 15 எடுத்தன. அதிக பவுண்டரிகள் அடித்ததால் கோப்பை இங்கிலாந்துக்குப் போனது. அந்த விதி பின்னர் மாற்றப்பட்டுவிட்டது. விதி தெரியாதவர்களுக்கு, பதற்றம் உச்சத்தில் இருக்க வேண்டிய நேரம் குழப்பத்திலேயே கழிந்துவிடும்.

கைப்பேசியில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைய ஒளிபரப்பு பெரும்பாலும் தொலைக்காட்சியைவிடச் சில நொடிகள் பின்தங்கியே வரும் என்பதால், ஸ்கோர் அறிவிப்புகளையும் குழு அரட்டைகளையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கோல் விழுவதற்கு முன்பே வாழ்த்துச் செய்தி வந்துவிடும். பக்கத்தில் விவரம் தெரிந்தவர் இருந்தால் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் ஓவர்களுக்கு இடையிலோ இடைவேளையிலோ கேளுங்கள்.

எதிரணியின் கீதத்துக்கும் அமைதி காக்க வேண்டும். அவர்களுடைய நல்ல ஆட்டத்துக்கும் கைதட்ட வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் ஈட்டி எறிந்து தங்கம் வென்றபோது, 89.45 மீட்டருடன் வெள்ளி பெற்ற நீரஜ் சோப்ராவின் தாய், நதீமும் தன் மகனைப் போன்றவர்தான் என்றார். நம் வீரர் எத்தகைய வீரரோடு மோதினார் என்பதை மறைத்துவிட்டால், அவர் வென்ற வெள்ளியின் மதிப்பையும் நாமே குறைத்துவிடுகிறோம்.

தோல்விக்கும் தயாராக இருங்கள். அமெரிக்காவில் உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தங்கள் அணி வென்ற பிறகு மாணவர்கள் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த உடைகளை அதிகம் அணிந்ததைக் காட்டியது. வென்றால் மட்டும் அணியைச் சொந்தம் கொண்டாடும் இந்தப் பழக்கம் எப்போதாவது பார்ப்பவர்களுக்கு எளிதில் தொற்றும். சுமார் 40 லட்சம் பேர் வாழும் குரோஷியாவோ, 2018 கால்பந்து உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் பிரான்ஸிடம் 4-2 என்று தோற்றுத் திரும்பிய அணியை ஜாக்ரெப் நகரத் தெருக்களில் பெருந்திரளாகக் கூடி வரவேற்றது. ஆகவே இறுதிப்போட்டிக்கென்று அணியின் ஜெர்சியை வாங்கியிருந்தால், முடிவு எதுவானாலும் மறுநாளும் அதை அணிந்து வெளியே செல்லுங்கள். அணியின் அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று பார்த்து நாட்காட்டியில் குறித்தும் வையுங்கள்.